வெட்டவெளியில் நின்ற மரப்பெட்டியை மறுபடி ஓட்ட முடியுமா?

நீங்கள் படங்களோடு கேட்டிருப்பதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 1920-களில் கட்டிய பயணிகள் பெட்டி. மேலே மரக்கூடு, கீழே அதைத் தாங்கும் இரும்பு அண்டர்பிரேம், அதற்கும் அடியில் சக்கரங்கள் பூட்டிய இரண்டு போகிகள். பல ஆண்டுகளாக வெட்டவெளித் தண்டவாளத்தில் நிற்கிறது. கூரை ஒழுகுகிறது, பக்கப் பலகைகள் உப்பியிருக்கின்றன. பழைய நிறத்தில் பெயின்ட் அடித்து, ஆள் ஏற்றி ஓட்டலாமா, எங்கே தொடங்குவது? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பெட்டியை அழகாக நிறுத்திவைப்பது ஒன்று, ஓடவிடுவது இன்னொன்று. மரம் எவ்வளவு கெட்டிருந்தாலும், பொறுமையும் நல்ல தச்சரும் இருந்தால் முதலாவது கைகூடும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இரண்டாவதை முடிவு செய்வது மரம் அல்ல. அச்சு, சக்கரம், அண்டர்பிரேம், பிரேக் இந்த நான்கும்தான். இரண்டுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: தண்ணீர் எந்த வழியாக உள்ளே வந்தது என்று கண்டுபிடிக்காமல் எந்த வேலையும் தொடங்கக் கூடாது. பெயின்ட் கடைசி.

கை வைப்பதற்கு முன்னால் பெட்டி தன் உழைப்புக் காலத்தில் என்னவெல்லாம் ஆனது என்று படித்துக்கொள்ளுங்கள். இந்த வயதுப் பெட்டிகள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் இறங்கி வந்திருக்கின்றன. முதலில் முக்கிய வழித்தடத்து வண்டி, பிறகு கிளைப்பாதை, அதன்பின் தொழிலாளர் வண்டி, கடைசியில் விபத்து மீட்பு வண்டியிலோ பாதை பராமரிப்பிலோ தங்கும் அறை. பிரிட்டனில் எல்.என்.ஈ.ஆர். (லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே) கம்பெனி 1933-இல் பழைய பெட்டிகளை விடுமுறைக்காரர்கள் தங்கும் முகாம் பெட்டிகளாக மாற்றி வாடகைக்கு விட்டது. அங்கே கூட்டை மட்டும் கழற்றி, குடிசையாகவும் கோழிக்கூண்டாகவும் விற்றதும் ஏராளம். ஐல் ஆஃப் வைட் நீராவி ரயில்வேயில் அப்படி வீடாகக் கிடந்த கூடுகளைப் பார்சல் வேன்களின் அண்டர்பிரேமில் ஏற்றி இன்றைக்கும் ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு மாற்றமும் மரத்தில் தடம் விட்டிருக்கும். கூரைப் பலகையில் வட்டமாக ஒட்டு மரம் வைத்து அடைத்திருந்தால், அங்கே எண்ணெய் விளக்கோ கேஸ் விளக்கோ இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அண்டர்பிரேமில் வெற்றுப் பட்டைப் பிடிகள் தொங்கினால் கேஸ் சிலிண்டரோ பேட்டரிப் பெட்டியோ இருந்த இடம். தரையில் ஒரே கோட்டில் திருகுத் துளைகள் போனால் அது எடுத்துவிட்ட தடுப்புச் சுவர். தூண்களின் உள்முகத்தில் உளியால் கொத்திய எண்கள், பென்சிலில் எழுதிய குறிகள் இருக்கும். அவற்றைப் படம் எடுக்காமல் இழைக்காதீர்கள். எந்தக் காலத்துத் தோற்றத்துக்குத் திருப்புவது என்ற முடிவு இந்தத் தடங்களிலிருந்துதான் வர வேண்டும். கட்டிய ஆண்டுதான் சரி என்பதில்லை. நாற்பது ஆண்டுகள் சேவை செய்த தோற்றம் கையில் முழுதாக இருக்கும்போது, ஊகித்துப் பழைய தோற்றத்தைப் புதிதாகச் செய்வது எனக்கு உடன்பாடில்லாத வேலை.

இப்போதைக்கு அவசரம் கூரைக்கு மேல் ஒரு கூரை. சாரக் குழாய்களில் தகரம் வேய்ந்தால் சிறப்பு. முடியாவிட்டால் தார்ப்பாய், ஆனால் பெட்டியின் மேல் நேராகப் போர்த்தாதீர்கள். ஒரு முழம் இடைவெளி விட்டு, இரு முனையும் காற்றுப் போகத் திறந்திருக்கும்படி கட்டுங்கள். பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றிய பெட்டி உள்ளே வியர்க்கும். ஒரு மழைக்காலத்தில் ஒழுகல் கெடுத்ததைவிட அதிகம் கெடும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நீடித்தால்தான் மரத்தை உளுத்துப்போகவைக்கும் பூஞ்சை வளரும். ஈரமானி வாங்கி, பத்து இடங்களில் சாக்பீஸால் குறியிட்டு, வாரம் ஒருமுறை அளந்து எழுதிவாருங்கள். அளவு இறங்க ஆரம்பித்தால் மூடல் சரி. ஒரே ஒரு இடம் மட்டும் இறங்காமல் நின்றால் அங்கே வேறு வழியில் தண்ணீர் வருகிறது.

பிறகு மரச் சோதனை. கருவி ஒரு குத்தூசியும் சின்ன மரச் சுத்தியலும் போதும். கூட்டின் எலும்புக்கூடு எளிமையானது: அடியில் நீளமாக ஓடும் கீழ்ச்சட்டம், அதில் கழுந்து (துளையில் செருகும் முனை) இறங்கி நிற்கும் தூண்கள், மேலே மேல்சட்டம், அதன்மேல் கூரையைத் தாங்கும் வில்சட்டங்கள். பார்வைக்குக் கெட்டது பலகையாகத் தெரியும். உண்மையில் கெட்டிருப்பது பெரும்பாலும் கீழ்ச்சட்டம், அதுவும் கதவுத் தூண்களின் காலடியில். காரணத்தை ஒரு கதவருகே குனிந்து பார்த்தால் புரியும். கதவுக் கண்ணாடி தோல் வாரைப் பிடித்து இறக்கும் வகை. அது கதவின் உள் பையில் இறங்கும்போது, அதன்மேல் வழிந்த மழையும் கூடவே உள்ளே போகும். அந்தத் தண்ணீர் வெளியேறக் கதவின் அடிச்சட்டத்தில் விரல் நுழையாத சின்னத் துளைகள் இருக்கும். அந்தத் துளைகளில் தூசியும் பழைய பெயின்டும் அடைத்துக்கொண்டால் கதவுப் பை தொட்டியாகிவிடும். கதவின் அடிமூலை ஊறும், கழுந்து பசை விடும், கதவு தொங்கும். தொங்கிய கதவைப் பூட்ட ஓங்கி அறைவார்கள், தூணின் அடி அசையும், அந்தச் சந்தில் தண்ணீர் கீழ்ச்சட்டத்துக்கு இறங்கும். குத்தூசியைத் தூணின் அடியில், பலகை முடியும் விளிம்புக்கு உள்பக்கமாக வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். 2 மி.மீ. போய் நின்றால் மரம் நலம். நனைந்த ரொட்டியில் இறங்குவதுபோல் ஒன்றரை அங்குலம் போனால் அந்தத் தூணைச் சுற்றி ஒரு பலகையைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்றினால் இருபுறமும் ஒரு தூண் இடைவெளி கூடுதலாகக் கெட்டிருக்கும் என்று எண்ணிக்கொண்டே மரத்துக்குக் கணக்குப் போடுங்கள்.

அண்டர்பிரேமையும் அப்போதே பாருங்கள். பெட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பக்க இரும்புச் சட்டத்தின் ஓரமாக மெல்லிய கம்பியை இழுத்துக் கட்டி, ஒவ்வொரு மீட்டரிலும் இடைவெளியை அளந்தால் நடு தொய்ந்திருக்கிறதா, முனைகள் தொங்கியிருக்கின்றனவா என்று தெரியும். நடு தொய்ந்த பெட்டியில் கதவு இடைவெளிகள் ஆப்பு வடிவில் இருக்கும். தச்சர் கதவைச் சீவிச் சரிசெய்தால் அடுத்த ஆண்டே திரும்பும். அடியில் தாங்கு கம்பிகள் உள்ள அமைப்பானால் டர்ன்பக்கிளை (கம்பியை இறுக்கும் திருகுப் பூட்டை) முறுக்கித் தொய்வை ஓரளவு எடுக்கலாம். அதற்கு முன் ஜாக்குகளில் நடுவைத் தாங்கிச் சுமையை நீக்க வேண்டும். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் முறுக்க வேண்டும். சுமையோடு முறுக்கினால் துரு தின்ற மரையே அறுந்துவிடும். கூட்டுக்கும் அண்டர்பிரேமுக்கும் நடுவே வைத்த கம்பளி, ரப்பர் மெத்தைகள் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கூட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் அந்த இடத்தில்தான் இடுப்பு மெலிந்து போயிருக்கும். தலை நன்றாக இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றுவது நல்லது.

கீழ்ச்சட்டத்தை மாற்றும்போது பெரிய தவறு, முழு நீளத்தையும் ஒரே நாளில் எடுப்பது. தூண்கள் தொங்கலில் நின்றால் கூடு தன் வடிவத்தை இழக்கும், பிறகு அதைத் திருப்பிக் கொண்டுவருவது நரகம். ஒவ்வொரு கதவு நிலைக்கும் குறுக்காக மூலைக்கு மூலை சட்டம் அடித்து, மேல்சட்டத்தை உள்ளிருந்து முட்டுக் கொடுத்து, ஒருமுறைக்கு இரண்டு தூண் இடைவெளி மட்டும் எடுங்கள். நல்ல பகுதியும் புதுப் பகுதியும் சேரும் இடத்தில் சாய்வு ஒட்டு போடுங்கள். சாய்வு குறைந்தது எட்டுக்கு ஒன்று. அதாவது சட்டத்தின் உயரம் 10 செ.மீ. என்றால் ஒட்டின் நீளம் 80 செ.மீ. அந்த ஒட்டு கதவுத் தூணுக்கு நேர் கீழே வரக் கூடாது. பழைய சட்டம் எந்த மரமோ அதே மரம், ஈரம் 12 முதல் 15 சதவீதம். ஓக் மரத்தில் இரும்புத் திருகு போடாதீர்கள். அதன் துவர்ப்பு அமிலம் இரும்பைத் தின்று, சுற்றிலும் நீலக்கறுப்பாக மரத்தைச் சுடும். பித்தளையோ சிலிக்கான் வெண்கலமோ போடுங்கள். பித்தளை மெத்தென்றிருக்கும், அதனால் முதலில் அதே அளவு எஃகுத் திருகை ஏற்றி இறக்கி வழி செய்துவிட்டுப் பித்தளையை ஏற்றினால் தலை முறியாது. எபாக்ஸியை ஊற்றி உளுத்த சட்டத்தைக் கெட்டிப்படுத்தலாமா என்று பலர் கேட்கிறார்கள். சுமை தாங்காத அலங்காரப் பட்டைக்குச் சரி. தூணுக்கும் கீழ்ச்சட்டத்துக்கும் வேண்டாம் என்பேன். கெட்டியான எபாக்ஸிக்கும் நல்ல மரத்துக்கும் நடுவில் உள்ள எல்லையில்தான் அடுத்த உளுப்பு தொடங்கும். இதில் மாற்றுக் கருத்து உள்ள நல்ல தச்சர்களும் உண்டு. ஆனால் ஓடும் வண்டியில் அந்தச் சோதனையைச் செய்ய நான் சம்மதிக்க மாட்டேன்.

உப்பிய பக்கப் பலகைகளை அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம். பழைய பட்டறைகளில் மெல்லிய பலகையின் பின்முகத்தில் பசையில் தோய்த்த கித்தானை ஒட்டி, சின்னச் சின்ன மரக்கட்டைகளால் சட்டத்தோடு பிணைத்திருப்பார்கள். பலகை பிளக்காமல் இருக்கத்தான் அது. ஈரத்தில் அந்தப் பசை விட்டுப் பலகை உப்பியிருந்தால், காயவிட்டு மறுபடி ஒட்டவே பல சமயம் முடியும். மூட்டுகளை மறைக்கும் பட்டைகளைக் கழற்றும்போது ஆணியை வெளியே இழுக்காமல் உட்பக்கமாகத் தட்டி விடுங்கள். பட்டை முழுதாக வரும். ஒவ்வொரு பட்டைக்கும் பெட்டிப் பக்கம், தூண் எண், மேலா கீழா என்று அட்டை கட்டுங்கள். ஒரே மாதிரி இருக்கும் பட்டைகள் ஒன்றுக்கொன்று பொருந்தவே பொருந்தாது.

கூரை. நாக்கும் காடியுமாகக் கோத்த பலகைகள்மேல் கனத்த பருத்திக் கித்தான், அதைப் பிடிப்பது வெள்ளை ஈயப் பெயின்ட். இதுதான் அந்தக் கால முறை. ஒழுகல் தொடங்குவது நடுவில் அல்ல. ஓரத்து மழைப்பட்டைக்கு அடியில் கித்தான் மடியும் இடத்திலும், காற்றுக் குழல்களின் கழுத்திலும்தான். பழைய கித்தான்மேல் தார் பூசி அடைத்திருந்தால் அடியில் பலகை கறுத்திருக்கும். மொத்தமாக உரிப்பதே மிச்சம். பலகைகளைச் சீராக்கி, ஆணித் தலைகளை ஆழ்த்தி அடைத்து, ஈயம் கலக்காத கெட்டியான பெயின்டைத் தடிமனாகத் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே கித்தானை விரிக்க வேண்டும். நடுக்கோட்டில் தொடங்கி இரண்டு ஓரத்துக்கும் இரண்டு முனைக்கும் சுருக்கம் தள்ளிக்கொண்டே போக வேண்டும், குறைந்தது நான்கு பேர் தேவை. ஓரத்தில் செம்பு ஆணிகள், மழைப்பட்டைக்கு அடியில் மறையும் இடத்தில் மட்டும். காற்றுக் குழல்களுக்கான துளையைக் கித்தான் இறுகிக் காய்ந்த பிறகே வெட்டுங்கள். முன்பே வெட்டினால் இழுவையில் துளை நகர்ந்துவிடும். ரப்பர் சவ்வு போன்ற புதிய பொருட்கள் நீண்ட நாள் வரும். ஆனால் அடியில் ஒழுகினால் தண்ணீர் போக வழியில்லாமல் நிற்கும். நிறுத்திவைக்கும் பெட்டிக்குக் கித்தான்தான் என் தேர்வு.

இனி இரண்டு நஞ்சுகள். இதில் மாற்றுக் கருத்துக்கே இடமில்லை. இந்த வயதுப் பெயின்டில் ஈயம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்: உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், தீக்குழலால் சுடாதீர்கள், தண்ணீர் தொட்டுத் தேய்த்துக் கழிவைச் சேர்த்து முறைப்படி ஒப்படையுங்கள். துணி முகமூடி போதாது. இரண்டாவது கல்நார். வெப்பக் குழாய்களைச் சுற்றியும், மின்பலகைக்குப் பின்னாலும், பின்னாளில் பழுதுபார்த்தபோது சுவருக்குள்ளும் வைத்திருக்கலாம். நரைத்த நார்போல் எதைக் கண்டாலும் கையை எடுத்துவிட்டு, ஈரப்படுத்திய சிறு மாதிரியைத் தகுதி பெற்றவர் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பட்டும். சுவரைத் திறப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும்.

நிறம் என்னவென்று தெரிய, வெயில் படாத இடம் ஒன்றில், உதாரணமாகக் கதவு எண் பலகைக்கு அடியில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சாளரம் திறங்கள். தண்ணீர்த் தாளால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போனால், மரத்தின் வயது வளையங்களைப்போல் ஒவ்வொரு அடுக்கும் விளிம்பில் தெரியும். வெளியே மண்ணிறம், அடியில் சிவப்பு, அதற்கும் அடியில் பழுத்த வார்னிஷின் தேன்நிறக் கோடு, அதன்கீழ் முதல் நிறம். ஏமாந்துபோகும் இடமும் இதுதான். வார்னிஷ் பழுக்கும்போது மஞ்சளாகும். நீலம் பச்சையாகவும், வெண்மை பாலாடை நிறமாகவும் தெரியும். வார்னிஷை அகற்றிய பிறகே நிற அட்டையோடு ஒப்பிடுங்கள். பழைய பட்டறைகளில் பிரைமர், நிரப்புப் பூச்சு, நிறம், வார்னிஷ் எல்லாம் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு அடுக்குக்கு மேல் போகும், நடுவில் நுரைக்கல்லால் தேய்ப்பார்கள். இன்றைய பெயின்டில் அத்தனை வேண்டாம். ஆனால் அடுக்குகளுக்கு இடையில் காயும் நாளைக் குறைத்தால் ஓராண்டில் வெடிக்கும். வார்னிஷ் அடித்த தேக்குப் பெட்டியானால் ஓட்டை அடைக்கும் புட்டிக்கு ஒளிய இடமே இல்லை. ஒவ்வொரு ஒட்டு மரமும் நிறமும் நரம்பும் பார்த்துத் தேர்ந்ததாக இருக்க வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக. அச்சில் பெல்ட் போட்டுச் சுற்றும் டைனமோவும் 24 வோல்ட் ஈய பேட்டரிகளும்தான் வழக்கமான அமைப்பு. துணி சுற்றிய ரப்பர் ஒயர்கள் தொட்டால் நொறுங்கும். ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் மாற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் பியூஸ் வையுங்கள். மரக்கூட்டில் தீ என்பது லேசான விஷயம் அல்ல. 1915 மே 22-இல் ஸ்காட்லாந்தின் குவின்டின்ஸ்ஹில்லில் ராணுவ வீரர்கள் வந்த பழைய மரப் பெட்டிகள் நொறுங்கி, கேஸ் விளக்குச் சிலிண்டர்களால் தீ பரவியதில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். இருக்கைத் துணியைத் தூக்கி எறிவதற்கு முன், சாய்மானத்தின் பின்மடிப்பில் வெளிச்சம் படாத ஒரு துண்டை வெட்டிக் காகித உறையில் வையுங்கள். மாதிரியும் நிறமும் அதில்தான் மிஞ்சியிருக்கும்.

ஓட்டுவதென்றால் இங்கிருந்துதான் கேள்வி கடினமாகிறது. அச்சு எத்தனை லட்சம் சுற்று சுழன்றிருக்கிறது என்று எந்தப் பதிவும் முழுதாகச் சொல்லாது. ஆகவே மீயொலிச் சோதனையும், பேரிங்கில் சுழலும் கழுத்துகளில் காந்தத்தூள் சோதனையும் கட்டாயம். விரிசல் இருந்தால் பேச்சே இல்லை, அச்சு போக வேண்டியதுதான். சக்கரத்துக்கு டயர் ஏற்றியிருந்தால் சுத்தியலால் தட்டுங்கள்: தெளிவான மணி ஓசை நல்லது. மந்தமான ஓசையோ, டயரும் விளிம்பும் சேரும் கோட்டில் செந்துரு கசிந்த தடமோ தெரிந்தால் டயர் தளர்ந்திருக்கிறது. நடுவில் தேக்குத் துண்டுகள் பொதித்த மான்செல் சக்கரமானால் அதைக் காட்சிக்கு வைத்துவிட்டு வேறு சக்கரம் தேடுங்கள். நின்றே கிடந்த பெட்டிக்கு வரும் தனி நோய், அச்சின் முனையைத் தாங்கும் ஆக்ஸில் பாக்ஸுக்குள் இருக்கிறது. மழைத் தண்ணீர் உள்ளே புகுந்து எண்ணெய்க்கு அடியில் தங்கும். எண்ணெய் வற்றியதும் அச்சின் கழுத்தில் நீர்மட்டக் கோடு போலக் குழிகள் விழும். கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும், நகத்தை ஓட்டினால் மாட்டும். அந்தக் குழியின் விளிம்பு ஒவ்வொரு சுற்றிலும் பேரிங்கின் உட்புறத்து மெத்தென்ற உலோகமான ஒயிட் மெட்டலைச் சீவும், சூடேறும். அந்த உலோகம் 240 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கிவிடும். குழி விழுந்த கழுத்தைக் கடைசல் பிடித்து மெருகேற்ற வேண்டும், அனுமதித்த குறைந்தபட்ச விட்டத்துக்குக் கீழே போகாத வரை. கழுத்தில் நீலச் சாயம் தடவிப் பேரிங்கைப் பொருத்தி, சாயம் ஒட்டிய இடங்களைப் பார்த்துச் சுரண்டி உட்காரவைக்க வேண்டும், கழுத்துக்கு எண்ணெய் தரும் திண்டுகள் புதிதாக வேண்டும்.

பிரேக் பற்றி யாரும் சமரசம் பேச முடியாது. 1889 ஜூன் 12-இல் அயர்லாந்தின் ஆர்மாவில், பிரிந்த பெட்டிகள் சரிவில் பின்னோக்கி ஓடி 80 பேர் இறந்த பிறகு, அதே ஆண்டில் தானாகப் பிடிக்கும் தொடர் பிரேக்கை அங்கே சட்டம் கட்டாயமாக்கியது. வாக்குவம் பிரேக்கானால் ஓட்டத்தில் குழாயில் 53 செ.மீ. பாதரச வெற்றிடம் நிற்க வேண்டும். குழாய் அறுந்தாலும் காற்றுப் புகுந்து பிரேக் தானே பிடிக்கும். ஹோஸ்கள், மூட்டு வளையங்கள், சிலிண்டரின் உருளும் ரப்பர் வளையம் எல்லாம் புதிது. அந்த வளையத்தை எண்ணெய் தொடாமல், முறுக்கு விழாமல் உலர்வாகப் போட வேண்டும். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிவிடும். பிறகு இணைப்புக் கம்பிகளின் முளைகள். ஒவ்வொன்றிலும் 1 மி.மீ. தேய்மானம் என்றாலும் பத்து முளை சேர்ந்தால் பிஸ்டன் தன் ஓட்டத்தில் கணிசமான பகுதியை வீணாக்கும், கட்டை சக்கரத்தைத் தொடுவதற்குள் பலம் தீர்ந்துவிடும்.

நீங்கள் போட்ட படங்களில் தெரிவது பலகையும் கூரையும் மட்டுமே. கீழ்ச்சட்டத்தின் நிலை ஒரு பலகையைக் கழற்றாமல் யாருக்கும் தெரியாது. அச்சு தகுதியா என்பதைச் சோதனைச் சான்று கையெழுத்திடும் பொறியாளர் தவிர வேறு யாரும் சொல்லக் கூடாது, நான் உட்பட. காலக் கணக்கில் ஒன்று உறுதி: முழு போகிப் பெட்டிக்குப் பல ஆயிரம் மனித மணிநேரம் ஆகும், அதில் பெயின்ட் சிறு பங்கு. ஆகவே அச்சுச் சோதனையை முதல் ஆண்டிலேயே முடித்துவிடுங்கள். ஐந்தாண்டு மரவேலை செய்து கடைசியில் அச்சு தேறாமல் போவது மிகக் கொடுமை.

எல்லாம் தேறி முதல் ஓட்டம் வரும் நாளில் ஆள் ஏற்றாமல், நடக்கும் வேகத்தில் தொடங்குங்கள். முதல் கிலோமீட்டரில் நிறுத்தி, புறங்கையை எட்டு ஆக்ஸில் பாக்ஸிலும் ஒவ்வொன்றாக வையுங்கள். எல்லாம் ஒரே வெதுவெதுப்பு என்றால் போகலாம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் அங்கேயே திண்டை எடுத்துப் பாருங்கள். திண்டில் வெள்ளிப் பொடி மினுங்கினால் அன்றைய ஓட்டம் அத்தோடு முடிந்தது.